கூரைப்பல் யானை: நெல்லைச் சீமையில் கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கிளை நூலகங்களுக்கும் ஒரு மண் பல்லைத் தூக்கிக்கொண்டு போவது என் வழக்கம். ஸ்டெகோடான் என்கிற, அழிந்துபோன யானைச் சொந்தத்தின் கடைவாய்ப் பல் அது. அளவு மாறாமல் செய்த மாதிரி. துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த உடனே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அடிக்கடி வந்தவற்றைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்டெகோடான் என்பது என்ன விலங்கு?

தும்பிக்கையும் தந்தமும் தூண் போன்ற நான்கு கால்களும் கொண்ட பெரிய தாவர உண்ணி. தூரத்தில் நின்று பார்த்தால் யானை என்றே சொல்லுவோம். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, கடைசிப் பனியுகம் முடியும் காலம் வரை பூமியில் இருந்தது. இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான், ஜாவா என்று ஆசியா முழுக்க இதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் கொஞ்சம் உண்டு.

ஸ்டெகோடான் ஒரே ஒரு விலங்கின் பெயர் இல்லை. அதற்குள் பல இனங்கள் உண்டு. 1973-ல் சீனாவின் கான்சு மாகாணத்தில் கிடைத்த எலும்புக்கூட்டின் தோள் உயரம் 3.87 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடிக்கும் மேல். பொதிகை மலையில் திரியும் கொம்பன் ஒன்பது, ஒன்பதரை அடி இருந்தாலே பெரிய யானை. இன்னொரு பக்கம், தீவுகளில் வாழ்ந்த சில இனங்கள் எருமைக் கடா அளவுக்குத்தான் இருந்தன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயருக்கு என்ன பொருள்?

கிரேக்க மொழியில் 'கூரைப்பல்'. ஏன் அந்தப் பெயர் என்பது பல்லைப் பார்த்தால் தானே புரியும்.

இந்த மாதிரியைச் செய்து தந்தவர் காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிற ஒருவர். நான் கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, வரிசையா ஓட்டு வீடு கட்டச் சொல்லுதீங்க?” என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. கல்லிடைக்குறிச்சித் தெரு ஒன்றை மாடியிலிருந்து பார்த்தால் ஒரு கூரையின் வாரம் இறங்கும் இடத்தில் அடுத்த கூரை ஏறும், நடுவில் தண்ணீர் போக ஒரு பள்ளம் இருக்கும் அல்லவா? இந்தப் பல்லின் மேற்பரப்பு அப்படித்தான். குறுக்கே மேடு, பள்ளம், மறுபடி மேடு. என் மாதிரியில் பத்து மேடுகள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் மோட்டு ஓடு பதித்த மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். அந்தக் குமிழ்களைக் குயவர் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தார். ஒரு மேட்டுக்கு ஏழெட்டு. மண் காய்ந்துவிடாமல் ஈரத்துணியைப் போட்டுப் போட்டுச் செய்ததில் ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

ஒரு பல்லை வைத்துக்கொண்டு விலங்கையே எப்படிச் சொல்ல முடியும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உடம்பில் எல்லாவற்றையும்விடக் கெட்டியானது பல்லின் மேலே உள்ள எனாமல். செத்த விலங்கின் சதை அழுகும், எலும்பை நரியும் நாயும் கடிக்கும், வெயிலில் அது வெடித்து உதிரும். பல் மட்டும் கிடக்கும். ஆற்று வண்டல் அதை மூடிவிட்டால் லட்சக்கணக்கான ஆண்டு கழித்தும் கையில் எடுக்கலாம். அதனால்தான் யானைக் குடும்பத்தின் வரலாறு என்பது பெரும்பகுதி பற்களின் வரலாறாகவே இருக்கிறது.

சரி, அந்தப் பல் என்ன சொல்லும்? முதலில் நம் யானையின் வாயைப் பார்ப்போம். யானைக்கு நம்மைப் போல வரிசையாகப் பல் கிடையாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒரு சமயத்தில் நான்கு பெரிய அரைக்கும் பற்கள்தான் வேலை செய்யும். அவை தேயத் தேயப் பின்னாலிருந்து புதிய பல் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். நமக்கு மாதிரி அடியிலிருந்து முளைத்து மேலே வருவதில்லை. இப்படி வாழ்நாளில் ஆறு முறை. அறுபது வயதையொட்டி ஆறாவது பல்லும் தேய்ந்துபோனால் யானையால் மென்று சாப்பிட முடியாது. நாளொன்றுக்கு 150 கிலோ வரை தழை தின்கிற உடம்பு அதோடு ஒடுங்கிவிடும்.

நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி யானை இருந்தவரை (2025 ஜனவரியில் அவள் போய்விட்டாள்) நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். தென்னை மட்டையை மடக்கி உள்ளே தள்ளியதும் கீழ்த்தாடை முன்னும் பின்னுமாகப் போய்வரும். மாடு அசை போடும்போது தாடை பக்கவாட்டில் சுழலும். யானையின் அரைப்பு அப்படி இல்லை. ஆச்சி அம்மியில் தேங்காய் அரைக்கும்போது குழவி எப்படி முன்னே போய்ப் பின்னே வருமோ, அதே ஓட்டம். யானைப் பல்லும் கொத்திய அம்மி மாதிரியேதான் இருக்கும். தட்டையான பரப்பு, அதில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு எனாமல் தகட்டின் விளிம்பு. தகடுகளுக்கு நடுவே சிமெண்ட் போன்ற ஒரு பொருள் நிறைந்து அவற்றை ஒரே கட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். பல் நல்ல உயரம். புல்லில் மணல் துகளும் கண்ணாடி போன்ற சிலிக்காவும் கலந்திருப்பதால் அதைத் தின்றால் பல் வேகமாகத் தேயும். உயரமான பல் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஸ்டெகோடானின் தாடையும் முன்னும் பின்னும்தான் போயிற்று. ஆறு முறை பல் தள்ளி வருவதும் பொது. ஆனால் பல் குட்டை. மேடுகளும் குறைவு. யானையின் கடைசிக் கடைவாய்ப் பல்லில் இருபதுக்கு மேற்பட்ட தகடுகள் இருக்கும்போது இதில் பத்துச் சொச்சம்தான். இந்தப் பல்லால் இலை, கிளை, தளிர், பட்டை ஆகியவற்றை நன்றாக நறுக்கித் தின்னலாம். வருடக்கணக்கில் காய்ந்த புல்லை மட்டும் தின்று தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆக, பல்லைப் பார்த்ததுமே காடும் நீரோடையும் உள்ள இடம் கண்முன் வருகிறது. பல்லில் உள்ள கார்பன் வகைகளை அளந்து பார்த்த ஆய்வுகளும் பெரும்பாலான ஸ்டெகோடான்கள் மரத்தழை தின்றவை என்றே காட்டுகின்றன. ஜாவாவில் இருந்த ஓர் இனம் புல்லையும் நிறையத் தின்றது. விலக்கு எங்கும் உண்டுதானே.

இது நம் யானையின் தாத்தாவா?

இல்லை. பங்காளி.

தாத்தா என்றால் அதன் வம்சத்தில் யானை பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறக்கவில்லை. வெகு காலத்துக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளையில் ஸ்டெகோடான்கள், மறு கிளையில் இன்றைய ஆசிய யானை, ஆப்பிரிக்க யானைகள், மாமூத் எல்லாம் வந்தன. பிரிந்த இரண்டு வீட்டாரும் பல லட்சம் ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். இமயமலை அடிவாரத்தில் ஸ்டெகோடான் கிடைக்கும் அதே மண்ணடுக்குகளில் எலிஃபாஸ் ஹைசுட்ரிக்கஸ் என்ற யானையும் கிடைக்கிறது. நம் ஆசிய யானைக்கு மூதாதையாகக் கருதப்படுவது அதுதான்.

பழைய பாடப்புத்தகங்களில் ஸ்டெகோடானை யானைக்கு நேர் முன்னோராகப் போட்டு வரிசையாகப் படம் வரைந்திருப்பார்கள். அதைப் படித்த ஆசிரியர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பது நியாயம்தான். அந்த வரிசையை ஆய்வாளர்கள் கைவிட்டு வெகு காலமாகிறது.

மாமூத்தும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. கம்பளி மாமூத் குளிர்நாட்டு விலங்கு, நம் யானைக்கு மிக நெருங்கிய சொந்தம். சொல்லப்போனால் ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்தான் கிட்ட. மரபணுவை ஒப்பிட்டு இதை உறுதி செய்திருக்கிறார்கள். ஸ்டெகோடான் இவர்கள் எல்லோருக்குமே தூரத்துப் பங்காளி.

பிள்ளையார் பெயர் வைத்த ஸ்டெகோடான் உண்டு என்கிறார்களே?

உண்டு. ஸ்டெகோடான் கணேசா. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த மிகப் பெரிய இனம் அது. பெயர் வைத்தவர்கள் ஹியூ ஃபால்கனர், ப்ராபி காட்லி என்ற இரண்டு பேர். ஃபால்கனர் ஸ்காட்லாந்து மருத்துவர், சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர். காட்லி கால்வாய்ப் பொறியாளர். 1854-ல் திறந்த கங்கைக் கால்வாய் இவர் வேலைதான். 1830-களில் இந்த இரண்டு பேரும் நண்பர்களோடு சிவாலிக் அடிவாரத்தில் எலும்பு தேடித் திரிந்தார்கள். ஃபால்கனர் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளைப் பொறுக்கினார். அந்த மலைவாசிகளுக்கு இவை புதிதில்லை. மின்னல் எலும்பு என்று அவர்கள் அவற்றுக்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக 1837-ல் லண்டன் நிலவியல் சங்கம் இருவருக்கும் சேர்த்து வோல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. ஒட்டகச்சிவிங்கிச் சொந்தமான ஒரு பெரிய விலங்குக்குச் சிவதீரியம் என்று சிவன் பெயரை வைத்தவர்களும் இவர்களே. சிவாலிக் என்பதிலேயே சிவன் இருக்கிறாரே. மகன் பெயரை யானைச் சொந்தத்துக்கு வைத்தது பொருத்தம்தான். பாரதம் எழுதுவதற்காக ஒடித்துக்கொண்ட ஒற்றைத் தந்தம் மட்டும் இந்தக் கணேசாவிடம் இல்லை. இதற்கு இரண்டு தந்தமும் முழுசு.

இவர்களுக்கு முன்பே, 1826-ல் பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் பொறுக்கிய பற்கள் லண்டனுக்குப் போயின. அங்கே அவற்றைப் பார்த்த வில்லியம் கிளிஃப்ட் 1828-ல் 'யானை போன்ற மாஸ்டோடான்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். மாஸ்டோடான் என்பது அழிந்துபோன இன்னொரு யானைச் சொந்தம். மாஸ்டோடானிலும் சேராமல் யானையிலும் சேராமல் நடுவில் நின்ற அந்தப் பற்களுக்குக் 'கூரைப்பல்' என்று தனி வீடு கட்டிக்கொடுத்தது பிறகு வந்த ஃபால்கனர்.

தந்தம் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் தும்பிக்கையை எங்கே தொங்கவிட்டது?

படத்தைப் பார்த்த பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. கூர்மையான கண்கள்! நம் யானைக்கு இரண்டு தந்தங்களுக்கும் நடுவே தும்பிக்கை தாராளமாக இறங்கும். ஸ்டெகோடான் கணேசாவின் மண்டையோட்டில் தந்தங்கள் மூன்று மீட்டருக்கு மேல் நீண்டு, அடியில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நிற்கின்றன. நடுவே தும்பிக்கை நுழைய இடமே இல்லை. ஆகவே தும்பிக்கை தந்தங்களின் மேலே கிடந்து ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

ஒரு ஊரில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டதும் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டிக்கொண்டு, ஸ்கூல் பையின் வாரை முகத்திலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தான். வார் கைகளுக்கு வெளியே வலது பக்கம் விழுந்தது. “சார், இப்படித்தானே?” என்றான். அப்படியேதான்.

கொம்பா, தந்தமா? எது சரி?

நம் ஊரில் யானைக் கொம்பு என்கிறோம், ஆண் யானையைக் கொம்பன் என்கிறோம். பேச்சுக்கு அதில் தப்பில்லை. ஆனால் அது மாட்டுக் கொம்பு போன்றது இல்லை, பல். மேல்தாடையின் வெட்டுப்பல் நீண்டு வெளியே வந்தது. தந்தம் என்ற சொல்லுக்கே பல் என்றுதான் பொருள்.

எத்தனை காலத்துக்கு முன்னால் என்பதை எப்படி மனசில் வாங்குவது?

லட்சம், கோடி என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது 3,200 ஆண்டு. நமக்கு அது எவ்வளவு பழசு! அந்த 3,200 ஆண்டை ஓர் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறி நடங்கள்.

முதல் எட்டில் சிவகளை நெல். நாலாவது எட்டை வைத்து முடிக்கும் முன்பே பனியுகத்தின் முடிவு, கடைசி ஸ்டெகோடான்கள் சீனாவில் உயிரோடு இருக்கின்றன. பத்தாவது எட்டைத் தொடும்போது இந்தியாவிலும் அவை இருக்கின்றன. 760 அடி நீளப் பாலத்தைக் கடந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் அறுநூறு எட்டுக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். அதுதான் இருபது லட்சம் ஆண்டு. சிவாலிக்கில் கணேசா தழை தின்றுகொண்டிருந்த காலம். ஸ்டெகோடான் முதலில் தோன்றிய இடம் வரை போக வேண்டுமானால் இரண்டரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

பிள்ளைகளை நிஜமாகவே பாலத்தில் கூட்டிப்போய் எண்ண வைத்திருக்கிறேன். நாலு எட்டில் நின்று திரும்பிப் பார்க்கும்போது, “இவ்வளவு கிட்டவா?” என்று கேட்காத பிள்ளை இல்லை.

திருநெல்வேலி மண்ணில் தோண்டினால் கிடைக்குமா?

நம் மலைப் பாறையில் கிடைக்காது. காரணம் எளிது. எலும்பு கல்லாக வேண்டுமானால் அது சேற்றிலோ வண்டலிலோ புதைய வேண்டும், அந்த வண்டல் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுக வேண்டும். சிவாலிக் அப்படிப்பட்ட இடம். இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்குக் குவிந்த குன்றுகள் அவை. பொதிகையும் அதன் அடிவாரமும் வேறு கதை. இங்கே உள்ள சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானவை. வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். யானைக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர் என்று அறியப்படுவது மொராக்கோவில் கிடைத்த எரித்தீரியம். ஆறு கோடி ஆண்டுக்கு முந்தையது, நாய்க்குட்டி போல ஐந்தாறு கிலோதான். அதுவே பிறக்காத காலத்துப் பாறையில் யானை எலும்பைத் தேட முடியாது.

தென்னிந்தியாவுக்குக் கிட்ட வரும் இடங்கள் ஆற்று வண்டல்கள்தான். நர்மதைப் படுகையில் ஸ்டெகோடானும், நேர்த்தந்த யானை எனப்படும் பேலியோலொக்ஸோடானும் கிடைக்கின்றன. மகாராஷ்டிரத்தில் கோதாவரிக் கரையில் நந்தூர் மத்மேஷ்வர் என்ற ஊரில் நேர்த்தந்த யானையின் மண்டையோடு கிடைத்தது. இது அசல் யானை வகை, உருவத்தில் ஸ்டெகோடானையும் மிஞ்சியது.

தேரிக்காட்டில் எலும்பு மாதிரி கிடைக்கிறதே, அது என்ன?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெரியவர். சாத்தான்குளம் பக்கத்து ஊர் நூலகத்தில் பேசி முடித்ததும் துண்டில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். வெள்ளையாக, முழங்கை நீளத்தில், இரண்டு பக்கமும் புடைத்து, அசல் கால் எலும்பு மாதிரி. பத்து வருடமாக வீட்டில் வைத்திருக்கிறாராம். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடைந்த முனையைப் பார்த்தேன். எலும்பு என்றால் உள்ளே தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்க வேண்டும். இதில் நடுவே ஒரே ஒரு மெல்லிய துளை, சுற்றிலும் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்திருந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது.

அது சுக்கான் கல். மண்ணுக்குள் ஓடிய வேரைச் சுற்றி, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து இறுகி, பிறகு வேர் மக்கிப்போக, உள்ளே துளையோடு நிற்கும் கல். வேர் கிளை விட்ட இடம் மூட்டு மாதிரி தெரியும். பெரியவருக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்து அந்தத் துளை வழியாகப் பார்த்துவிட்டு, “அப்போ இது எந்த மரத்து வேராயிருக்கும் தம்பி?” என்று கேட்டார்.

கோயில் தூணில் உள்ள யாளி ஸ்டெகோடான்தானே? வீடியோவில் சொன்னார்கள்.

இல்லை. நெல்லையப்பர் கோயிலிலும் கிருஷ்ணாபுரத்திலும் உள்ள யாளிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிங்கத்தின் உடம்பு, பூனை இனத்தின் பாதமும் நகமும், பிடரி மயிர், சிலவற்றில் தும்பிக்கை. ஸ்டெகோடானுக்கு இருந்தது யானைப் பாதம். சங்கப் பாடல்களில் வரும் ஆளியோ யானையையே அடித்துக் கொல்லும் விலங்கு. யானைக்குப் பகை, பங்காளி இல்லை. சிற்பி தனக்குத் தெரிந்த விலங்குகளின் வலிமையை ஒன்றாகச் சேர்த்துக் கல்லில் நிறுத்தினான். அந்தக் கற்பனைக்கு எலும்பை ஆதாரமாகக் காட்டினால் சிற்பிக்கும் மரியாதையில்லை, எலும்புக்கும் மரியாதையில்லை.

ஐராவதத்துக்கு நான்கு தந்தம் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். நான்கு தந்தம் உள்ள யானைச் சொந்தங்கள் இருந்தது உண்மை. கோம்போதீரியம் என்பதற்கு மேலே இரண்டு, கீழ்த்தாடையில் இரண்டு. ஆனால் அது வாழ்ந்த காலத்தில் கதை சொல்ல மனிதனே இல்லை.

அப்படியானால் மனிதன் ஸ்டெகோடானைப் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறான். தமிழ்நாட்டில் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் கணக்கிட்டார்கள். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் இல்லை, நமக்கு முந்தியவர்கள். அவர்கள் காலத்தில் இந்தத் துணைக்கண்டத்தில் ஸ்டெகோடான் இருந்தது.

நேரடிச் சாட்சி இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் இருக்கிறது. அங்கே லியாங் புவா என்ற குகையில் 2003-ல் மூன்றரை அடி உயரமே உள்ள ஒரு குள்ள மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. அதே குகையில், அதே அடுக்குகளில், ஸ்டெகோடான் குட்டிகளின் எலும்புகள். அவற்றின்மேல் கல் கத்தியால் அறுத்த தழும்புகள்.

அந்த ஸ்டெகோடானும் குள்ளம்தான். பெரிய விலங்குகள் தீவில் மாட்டிக்கொண்டால் பல தலைமுறையில் சிறுத்துவிடுவது உண்டு. தின்ன இருப்பது குறைவு, பயப்பட வேண்டிய புலி போன்ற மிருகமும் இல்லை. அங்கே பெரிய உடம்பு வெறும் செலவு. குறைவாகத் தின்று சீக்கிரம் குட்டி போடுகிறவை நிலைத்தன. ஃபுளோரஸில் ஒன்பது லட்சம் ஆண்டுக்கு முன் இருந்த ஓர் இனத்தின் தோள் உயரம் ஏறத்தாழ நாலடி.

தீவுக்கு எப்படிப் போயிற்று என்று உடனே அடுத்த கேள்வி வரும். நீந்தித்தான். யானைகள் நன்றாக நீந்தும். தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டால் மூச்சுக்குக் கவலையில்லை. காரையாறு அணைப் பக்கம் போனவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம்.

ஏன் அழிந்தது?

தீவுகளுக்கு ஒரு பதில், சீனாவுக்கு ஒரு பதில், நமக்கு ஒரு பதில். இந்தியாவைப் பொறுத்தவரை, 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அழிவில் ஸ்டெகோடானையும், நேர்த்தந்த யானையையும், ஒரு நீர்யானையையும், ஒரு குதிரை இனத்தையும் சேர்க்கிறது. ஆமாம், இந்தியாவில் நீர்யானை இருந்தது. அமெரிக்கக் கண்டங்களில் பெருவிலங்குகள் கூட்டம் கூட்டமாக மறைந்ததோடு ஒப்பிட்டால் நாம் இழந்தது கொஞ்சம்தான். இங்கே விலங்குகள் வெகு காலம் மனித இனங்களோடு பழகி வளர்ந்தவை என்பதால் பல தப்பின என்று அந்த ஆய்வு சொல்கிறது. போன நான்கும் பெரிய உடம்புக்காரர்கள்.

பெரிய உடம்பு எப்படி ஆபத்தாகிறது என்பதற்கு நம் யானையையே பாருங்கள். கர்ப்பம் ஏறத்தாழ 22 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடம். ஒரு கூட்டத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாகச் செத்தாலே போதும். வேட்டையைக் கண்ணால் பார்க்கிற மனிதனுக்கு அது தெரியவே தெரியாது. அவன் ஆயுளில் யானைகள் இருந்துகொண்டேதான் இருக்கும். பேரனுடைய பேரன் காலத்தில் கணக்கு தீர்ந்துவிடும். இதோடு காடு சுருங்கிப் புல்வெளி பரவினால் தழை தின்னும் குட்டைப் பல்லுக்கு இரட்டை அடி. உயரமான பல் வைத்திருந்த யானையால் புல்லுக்கும் மாற முடிந்தது. எனக்குத் தோன்றுவது, பங்காளிகள் இருவரில் யார் தங்கினார், யார் போனார் என்பதில் பல்லுக்கும் பெரிய பங்கு உண்டு.

யானைக்கு இப்போது உயிரோடு இருக்கும் சொந்தம் யார்?

நெல்லைச் சீமைக்காரர்கள் கடல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடற்பசு! கடல்புல் மேய்ந்து வாழும் சாது. இரண்டுக்கும் முன்னோர் ஒன்று, பிரிந்து ஆறு கோடி ஆண்டாகிறது. நம்ப முடியவில்லை என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மாட்டுக்கும் ஆட்டுக்கும் மடி பின்னங்கால் பக்கம். யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவில். ஆவுளியாவுக்கும் முன்துடுப்புகளுக்குக் கீழே. இன்னொரு சொந்தம் ஆப்பிரிக்காவில் உள்ள ஹைராக்ஸ், முயல் அளவு இருக்கும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் எலும்புகள் இருக்கின்றன. ஸ்டெகோடான் கணேசாவின் மண்டையோட்டைத் தந்தத்தோடு அங்கே பார்க்கலாம். இமாச்சலத்தில் சாகேட்டி என்ற இடத்தில் 1974-ல் திறந்த புதைபடிவப் பூங்காவில் முழு அளவு உருவங்கள் நிற்கின்றன. நெல்லை எக்ஸ்பிரஸ் தாண்டிப் போகும் அரியலூர்ப் பக்கமும் புதைபடிவங்களுக்குப் பேர்போனது. ஆனால் அங்கே கிடைப்பது யானைகளுக்கு வெகு முந்திய கடல் உயிர்கள். பார்க்க வேண்டிய இடம்தான், யானையைத் தேடிப் போகாதீர்கள்.

உயிருள்ள பங்காளிக்கு எங்கும் போக வேண்டாம். களக்காடு முண்டந்துறையும் சுற்றியுள்ள மலைக்காடுகளும் சேர்ந்த 1,197 சதுர கிலோமீட்டர் 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வயலிலோ குளத்திலோ எலும்பு மாதிரி ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?

கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கழுவ வேண்டாம், கீறிப் பார்க்க வேண்டாம், எலுமிச்சையும் ஊற்ற வேண்டாம். நான் அன்று செய்ததே தப்பு. எலும்பாக இருந்திருந்தால் அந்த இடம் அரிந்துபோயிருக்கும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்து நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பிறகு ஏழெட்டு அடி தள்ளி நின்று, அது எந்த மண்ணடுக்கில் இருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம். எலும்பைவிட அந்த இரண்டாவது படம்தான் முக்கியம். எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த எலும்புக்கு வயது சொல்வது கஷ்டம். மண்ணடுக்கோடு இருந்தால் சொல்லிவிடலாம். போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் தகவல் கொடுங்கள். பெரும்பாலும் மாட்டுப் பல்லாகவோ சுக்கான் கல்லாகவோதான் இருக்கும். பரவாயில்லை, படத்தை எடுத்துவிடுங்கள்.